பர்வீனும் நன்சாக்கும்

நேற்று பல்லாவரத்தில் ரயில் ஏறிய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த நெடி பட்டதும் எனக்குப் பர்வீன் ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்கும் சில பேர் வாசனையோடுதான் ஞாபகம் வருவார்கள், இல்லையா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சேலையூரில் நாங்கள் கீழ்ப் போர்ஷன், பர்வீன் வீட்டார் மேல் போர்ஷன். பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கராத்தே வகுப்புக்குப் போனவள், சங்கிலி கோத்த இரட்டைக் கட்டையான நன்சாக்கைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் மொட்டை மாடியில் பயிற்சி. சுழலும் கட்டை அக்குளில் வந்து அடங்க வேண்டும். அடங்காத நாளில் முழங்கை, முட்டி, பின்மண்டை என்று கிடைத்த இடத்தில் விழும். "ஸ்ஸ்" என்பாள், அடிபட்ட இடத்தில் தைலம் தேய்ப்பாள். அடுத்த நிமிடம் மறுபடி சுழலும்.

ஆசைப்பட்டு நானும் ஒருநாள் வாங்கிச் சுற்றினேன். ஒரே சுற்றுதான், நெற்றி புடைத்துவிட்டது. ஆபீஸில், கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

பர்வீனுக்கு அந்த மாதிரிப் பொய் வராது. அவளைப் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் கண்ணுக்குக் கீழே நல்ல அடி. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லுடி" என்று அவள் அம்மா கெஞ்சினார். மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் கேட்டது அதைத்தான்.

"யாரும்மா அடிச்சது?"

எல்லார் கண்ணும் அவள் அண்ணன் மேல் போயிற்று. பாவம், அவர் தரையைப் பார்த்தார்.

"நானேதான் அடிச்சுக்கிட்டேன் மாமி. மாடிக்கு வாங்க, காட்டுறேன்."

உதவிக்குப் போயிருந்த நானும் டீ தட்டோடு பின்னால் ஏறினேன். பர்வீன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுழற்றினாள். நான்காவது சுற்றில் கட்டை முழங்கையில் 'டக்'கென்று விழுந்தது. முகம் சுருங்கியது, பிடி தளரவில்லை. முழுக்கச் சுற்றி முடித்துத்தான் நின்றாள்.

"வலிக்கலையா?"

"வலிக்குது மாமி. பயந்து கைய விட்டா வேற யார் மேலயாவது போய் விழும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் இத விடச் சொல்லுவீங்களா?" என்றாள்.

அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்க வீட்டு மாடி இதவிடப் பெருசு" என்றார்.

பர்வீன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாழப் போனாள். நாங்கள் இருந்த சேலையூர் வீட்டை இடித்துக் கட்டிய குடியிருப்பில், இரண்டாம் மாடியில் நான் இருக்கிறேன். மொட்டை மாடிக் கதவு இப்போது பூட்டியே கிடக்கிறது. சாவி அசோசியேஷன் செயலாளரிடம். கேட்டால் கொடுப்பார், எதற்கு என்றும் கேட்பார்.