மழைக்குள் ஒரு கண்டனம்

2005, கோடை. மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே எங்கள் பஸ் நிற்கிறது. முன்னால் ஜீப்பின் மேல் ஏறி நின்று ஓர் அதிகாரி மைக்கில் வாசிக்கிறார்: "சாதி வெறித் தாக்குதலை அரசு வன்மையாகக் கண்டிக்கிறது." சாலையின் ஒரு பக்கம் ஊர்த்தெருக்காரர்கள், மறுபக்கம் காலனிக்காரர்கள். போன வாரம் காலனியில் குடிசைகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். புதுக் கூரைக்காக அரசு கொடுத்த பனையோலை ஜீப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது.

சடசடவென்று மழை பிடிக்கிறது. அவ்வளவுதான், இரண்டு பக்கமும் ஓலையை அள்ளிக்கொண்டு உப்புக் குவியல்களைப் பார்த்து ஓடுகிறது. மழை வந்துவிட்டால் இங்கே யாருடைய உப்பு என்று யாரும் பார்ப்பதில்லை. கரைந்தால் எல்லோருக்கும் வேலை போச்சு. நானும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுகிறேன். வரப்பில் வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே சிரிக்கிறேன். கண்டித்துக்கொண்டிருந்த அதிகாரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, தலையில் ஓலையோடு என்னைத் தாண்டிப் போகிறார்.

எழுந்து, காலனியைச் சேர்ந்த அஞ்சலை என்ற பெண்ணோடு சேர்ந்து ஒரு குவியலை மூடுகிறேன். "இது யாரோட உப்புங்க?"

எதிர்ப்பக்கம் ஓலை பிடித்திருக்கும் உப்பள முதலாளியை அவள் முகவாயால் காட்டுகிறாள். "இவருதுதான் சார். இவரு மவன்தான் எங்க கூரைய கொளுத்துனான்."

முதலாளி ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

"அப்ப உங்க கூரைக்கு வந்த ஓலைய ஏன் இதுக்குப் போடறீங்க?"

"மழ வுட்டதும் எங்க கூரைய இவரே மேல ஏறி வேஞ்சு குடுப்பாரு சார். கீழ நின்னு கண்டிக்கிறத நான் பாத்துக்கறேன்."