காலியாக இருக்க வேண்டிய கிண்ணம்

ஜித்ரா ஊர்க் கல் பட்டறையில் சுகுமாரன் குடைகிற கல் கிண்ணத்தில் யாரும் சோறு தின்பதில்லை. டென்மார்க் பாணியில் வீடு அலங்கரிக்கிறவர்கள் வாங்கிப்போகிறார்கள். வெளிர்மர மேசை, அதன் நடுவில் பருத்த வயிறும் மெல்லிய விளிம்புமாக ஒற்றைக் கிண்ணம். உள்ளே எதையும் போடக்கூடாதாம். அந்த வெறுமைதான் அழகாம்! என்ன ரசனையோ போங்கள்.

விளிம்பில் சில்லுப் பெயர்ந்த ஒன்றை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி ரமணி முகம் சுளித்தாள்.

"நடுவீட்டுல வெறும் பாத்திரத்த வைப்பாங்களா? குடும்பம் வெளங்குமா?" என்றவள், அதில் வெல்லக்கட்டிகளைக் கொட்டி நிரப்பினாள்.

வெல்லம் பட்டறைக்காரர்களின் மருந்து. வேலை முடிந்ததும் ஒரு கட்டியை வாயில் போட்டால், தின்ற தூசியெல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று நம்பினார்கள். முகமூடி போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது. தூசி அடங்கத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கல்லில் போட்ட பென்சில் கோடு அழிகிறது. வெல்லம்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன? அசட்டுத் தைரியத்துக்கு விலையா கொடுக்க வேண்டும்!

மாலையில் சுகுமாரன் மாவு மில்லிலிருந்து வருகிறவன் மாதிரி வந்து நிற்பான். ரமணி அவன் சட்டையை வாங்கி, பின்கதவருகே படபடவென்று உதறிவிட்டுத்தான் ஊறவைப்பாள்.

கூட வேலை செய்த காளிதாசன் திடீரென்று வராமல் நின்றார். ஒரு சனிக்கிழமை வேலை விட்டதும் சுகுமாரன் கோலா கெடாவில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தலைமாட்டில் இன்னொரு சில்லுப் போன கிண்ணம், அதிலும் வெல்லம்.

"அண்ணே, வெல்லம் திங்கிறத நிறுத்திட்டீங்களா?"

"ஒருநாள் விட்டதில்ல தம்பி. கல்லுத் தூசி வயித்துக்குப் போகலயாம், நெஞ்சுல போய் உக்காந்துடுச்சாம். எனக்குத் தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்னா, முழம் என்னா. நீயாச்சும் இந்த வேலைய விட்டுடு." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவ வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரச் சொல்றாரு டாக்டரு."

அவர் மனைவியை எதற்கு என்று சுகுமாரனுக்கு விளங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நிறுத்தி மூச்சை இழுத்துப் பார்த்தான். வலி இல்லை, இருமல் இல்லை. தப்பித்தோம் சாமி!

வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டான். "ரமணி, திங்கக்கிழமையிலேர்ந்து அந்த வேலைக்குப் போகல."

"நல்லதாப் போச்சு," என்று அவள் சட்டையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவன் முகம் கழுவக் குழாயைத் திறந்தான். படபடவென்று உதறும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். நிற்காத வறட்டு இருமல்.

குழாயை மூடினான். இந்த இருமலை எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்?

"ரமணி!"

"ஒண்ணுமில்லங்க, தொண்டதான். அந்தக் கிண்ணத்துலேர்ந்து ஒரு கட்டி வெல்லம் எடுத்துட்டு வாங்களேன்."