ரோதூ தைத்த மெத்தை

ரோதூ சாவதற்கு முன் அவளே என் காதில் போட்டுவிட்டுப் போன விஷயம் இது. கேட்டதிலிருந்து எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆறவில்லை.

அவள் அப்பா வனத்துறைக் கூலி. பைன் மரத்து உச்சியில் புழுக்கள் நெய்து தொங்கவிடும் வெள்ளைக் கூடுகளை வெட்டி எரிப்பது வேலை. அந்தப் புழுவின் மயிர் தோலில் பட்டால் வெந்துபோகும். கண்ணில் விழுந்தால் கண்ணே போகும். வசந்தத்தில் புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலமாய் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். கோடை முடிகையில் சாம்பல் நிற அந்துப்பூச்சியாக வெளியே வரும். பார்த்தால் அப்பாவி. தின்ன வாய்கூடக் கிடையாது; ஊசியிலையில் முட்டையை ஒட்டிவிட்டு ஓரிரு நாளில் செத்துவிடும். ஆனால் அது விட்டுப்போன பழைய கூட்டில் விஷ மயிர் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

லோயிசோஸ் ரோதூவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. தெஸ்பினாவைக் கட்டிக்கொண்டால் திராட்சைத் தோட்டம் தருகிறேன் என்று அவள் அப்பா சொன்னதும் இவளைக் கைகழுவிவிட்டான். “புழுக்காரன் மகளக் கட்டிக்கிட்டா ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டேதான் கெடக்கணும்டா” என்று காப்பிக்கடையில் சிரித்தானாம்.

தோட்டம் கைக்கு வரும்வரை அவன் கல்யாணம் தள்ளிப்போயிற்று. அதற்குள் ரோதூவுக்குக் கல்யாணமாகி, ஹாம்பிஸ் என்று ஒரு பையனும் பிறந்துவிட்டான். மெத்தை தைக்க ஊரில் அவளைவிட்டால் ஆளில்லை. லோயிசோஸின் கல்யாண மெத்தைக்கான கம்பளி ரோமமும் அவள் வீட்டுக்கே வந்தது. பழைய கூடு ஒன்றைப் பிய்த்து, கையுறை போட்டுக்கொண்டு, கம்பளியோடு கலந்துவிட்டாள்.

தைத்த மெத்தையில் ஒரு ஆண் குழந்தையை உருட்டினால்தான் தலைப்பிள்ளை ஆணாகும் என்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையின் அக்கா குழந்தையை உருட்டுவதாக ஏற்பாடு. அதற்குக் கல்யாணத்தன்று காலை அம்மை போட்டுவிட்டது.

தெஸ்பினா எழுந்து வந்தாள். “ரோதூக்கா, உங்க பையனையே உருட்டுவோமே. பழசெல்லாம் மறந்துருவோம்.”

“வேணாம்மா. அவனுக்கு உடம்பு சரியில்ல.”

“நல்லா குண்டுக்கட்டையாட்டம் இருக்கான்!” என்றாள் லோயிசோஸின் அம்மா. “இன்னுமாடி வயித்தெரிச்சல்? இப்படிக் குடு.” பிடுங்கிக்கொண்டாள்.

ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் ஊர் அவளைச் சும்மா விடாது. வயலின் வாசித்தார்கள், பையனை மூன்று தரம் உருட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்தான்.

கொஞ்ச நேரத்தில் வீறிட்டவன் அழுகை அடங்கவில்லை. சகுனம் சரியில்லை என்று மெத்தையைத் தூக்கி எறிந்தார்கள். லோயிசோஸுக்கு ஒரு தடிப்புகூட வரவில்லை.

நிக்கோசியா பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “கண்ணுல என்னம்மா விழுந்துச்சு? சொன்னாத்தானே எடுக்க முடியும்?”

பக்கத்தில் புருஷன் நின்றான்.

“தூசி டாக்டர்” என்றாள்.

கழுவி, சொட்டு மருந்து விட்டு அனுப்பினார்கள். மயிர் உள்ளே இறங்கிக்கொண்டே போய், பனி விழுவதற்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஹாம்பிஸுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவன் அப்பா தூசி கிளம்பக்கூடாதென்று தினமும் தெருவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்.