அத்தை துடைத்துப் பார்த்த புகை

எங்கள் அத்தைக்குப் புகை பார்க்கிற வேலை. அடுப்புப் புகை இல்லை. வெயில் காலத்தில் வயலிலும் காட்டிலும் தீ எரியுமே, அந்தப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்து ஊரை எச்சரிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வரும். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது எண்ணெய் விரலால் திரையில் ஒரு இழுப்பு இழுத்துவைத்தேன்.

"மூணு படமா நகராம நிக்குதுன்னா அது உன் விரல்தான், கழுதை" என்று துடைத்தார்.

நகர்வதுதான் விஷயமே. மூடுபனி பள்ளத்தில் உட்கார்ந்து அங்கேயே கரையும். புகை தீயிலிருந்து கிளம்பி நடக்கும். போன வருஷம் அவசரத்தில் ஒரே ஒரு படத்தைப் பார்த்து, மூடுபனியைப் புகை என்று அறிவித்துவிட்டார். பள்ளிகளின் ஓட்டப்பந்தயம் ரத்து. பத்து மணிக்கு வானம் பளிச். பந்தயத்தை நடத்த இருந்தவர் விளையாட்டு வாத்தியார், அதாவது என் அப்பா, அத்தையின் சொந்த அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க அத்தைய உப்ப இங்க தள்ளச் சொல்லு" என்பார்.

"உப்பு வேணுமாம். நீங்க இளைச்சுட்டீங்கன்னு வருத்தப்படறார்" என்று நான் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பேன்.

இந்த வருஷப் பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்கு. காலைப் படத்தில் வடக்கே தீப்புள்ளிகள், அவற்றிலிருந்து ஒரு பழுப்பு வால். அத்தை ஆறு படம் பொறுமையாகப் பார்த்தார். நகர்ந்தது. மூன்று மணிவாக்கில் ஊருக்குள் வரும் என்று எச்சரிக்கை விட்டார்.

மத்தியானம் நான் டிபன் கேரியரோடு போனபோது படத்தில் வாலைக் காணோம்.

"என்னம்மா, இந்த வருஷமும் மூடுபனியா? வாபஸ் வாங்கிடலாமா?" என்றார் மேலதிகாரி.

"சாய்ஞ்ச வெயில்லதான் சார் மெல்லிசான புகை தெரியும். உச்சி வெயில்ல கண்ணுக்குத் தப்பிடும். அங்கதான் இருக்கு."

அப்போது என் போனில் அப்பா. "பசங்க எல்லாம் வந்து நிக்கறாங்க. வீட்டுக்கு அனுப்பிடணுமான்னு அவளக் கேளு."

ஜன்னலுக்கு வெளியே வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரையைத் துடைத்தார். காலைப் படங்களை மறுபடி ஓட்டினார்.

"அனுப்பச் சொல்லு."

"அனுப்பச் சொல்றாங்கப்பா" என்றேன். ஒன்றும் சேர்க்கவில்லை.

மூன்றேகாலுக்கு எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டி மறைந்தது. வெயில் சாயச் சாய படத்தில் வால் திரும்ப வந்தது, எங்கள் ஊர் மேலேயே. அத்தை சிரிக்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்த அறிவிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அப்பா கழுத்தில் விசிலோடு, கண் சிவந்து வந்து உட்கார்ந்தார். நான் தூதுக்குத் தயாரானேன். அவர் நேராக அத்தையைப் பார்த்தார்.

"நாளன்னைக்கு வெச்சுக்கலாமா?"

"காத்து மாறணும்ணா. காலைல ஆறு படம் பாத்துட்டு சொல்றேன்."

"ஏழா பாரு. அந்த உப்ப இப்படித் தள்ளு."

எனக்கு வேலை போய்விட்டது.