காது கேட்பதற்காகத் தைத்த சட்டை

காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அலுவலக அறையில் தொலைபேசி அடித்தது. ராஜபாளையத்திலிருந்து எஸ்தரின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டா டீச்சர். மதுரைலருந்து கொண்டு வந்துக்கிட்டிருக்கோம்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் காது கேளாதோர் பள்ளியில் எஸ்தரைத் தெரிந்தவர்கள் இப்போது மூன்று நான்கு பேர்தான். விடுதியில் சமைக்கும் பேச்சியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "தையல் டீச்சரா?" என்று கேட்டு அழுதார்.

அடுத்த வாரம் எங்கள் பள்ளிக் கூடத்திலேயே இரங்கல் கூட்டம் நடந்தது. நடத்தியது ஊர்ப் பெரிய மனிதர்களின் சேவைச் சங்கம். படத்துக்குப் பெரிய மாலை. பேசியவர்கள் எல்லாரும் எஸ்தரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். ஒருவர் அவருக்குக் கோபமே வராது என்றார். முன்வரிசையில் இருந்த உங்களில் பலரிடம் எஸ்தர் நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கிறார். அப்படியிருந்தும் அந்தப் பேச்சுக்குக் கை தட்டினீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எஸ்தர் எங்கள் பள்ளிக்குத் தையல் ஆசிரியையாக வந்தார். ஆடை வடிவமைப்பில் டிப்ளமோ படித்தவர். ராஜபாளையத்தில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வடிவம் வெட்டும் பிரிவில் இருந்தார். பெண்கள் உட்கார்ந்து வேலை செய்ய ஏற்றபடி சட்டையில் கை இணையும் கைக்குழியை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் வாதாடி, அது நடக்காமல் வெளியே வந்தவர். சத்தமாகப் பேசுவார். காது கேட்காத பிள்ளைகளிடமும் அப்படித்தான் பேசுவார். எங்களில் சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. எனக்கும் ஆரம்பத்தில் பயமாகத்தான் இருந்தது.

வந்த முதல் மாதமே அவர் கண்ணில் பட்டது பிள்ளைகளின் காதுக் கருவி. அப்போது அது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி காதுக்குப் போகும். பையன்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளின் சட்டையில் பை கிடையாது. நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடுவோம். ஓடினால் நெஞ்சில் அடிக்கும். வியர்வை இறங்கிக் கெட்டுப்போகும். தாவணி போடும் வயது வந்துவிட்டால் அதோடு சரி. தாவணிக்கு வெளியே தொங்கவிட்டால் தெருவே பார்க்கும். உள்ளே விட்டால் ஒன்றும் கேட்காது. பெண்கள் ஒவ்வொருவராகக் கழற்றித் துணிப்பெட்டியில் வைத்துவிடுவார்கள். அதுவரை கஷ்டப்பட்டுக் கற்றுக்கொடுத்த பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

"டீச்சர், இது காதோட கோளாறு இல்ல. சட்டையோட கோளாறு" என்றார் எஸ்தர்.

அவர் முதலில் தைத்துக் கொண்டுவந்தது டெரிகாட்டன் துணியில், இடதுபக்கம் பை வைத்த ஒரு சட்டை. பார்க்க அழகாக இருந்தது. பிள்ளைகள் போட்ட சிறிது நேரத்தில் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். ஏனென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எஸ்தர் ஒரு கருவியை வாங்கித் தன் ரவிக்கைக்குள் வைத்து, கம்பியைக் காதில் மாட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் போனார். மறுநாள் அப்படியே வந்து இறங்கினார். பஸ்ஸில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்களாம். ஒரு பெண் இரக்கப்பட்டுக் கையில் சில்லறையைத் திணித்தாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்திருந்தது. என்னை எதிரில் உட்காரவைத்து, "ஏதாச்சும் பேசுங்க" என்றார். பேசினேன். தலையை ஆட்டினார்.

"ஒங்க குரல் கேக்கல டீச்சர். என் சேலைதான் கேக்குது. மூச்சு விட்டாக் கூட மரம் அறுத்தாப்ல இருக்கு. இதையா இந்தப் பிள்ளைக இம்புட்டு நாளாக் கேட்டுக்கிட்டிருந்துச்சுக?"

அதன் பிறகு அவர் டெரிகாட்டனைத் தொடவில்லை. பலமுறை துவைத்த மல் துணியை வாங்கினார். எந்தத் துணி உரசினால் எவ்வளவு சத்தம் வருகிறது என்று தானே காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் இருந்த செல்வியை நிறுத்திவைத்து, தாவணி எந்த இடத்தில் உடம்போடு உரசுகிறது, எந்த இடத்தில் உரசுவதில்லை என்று சாக்குக் கட்டியால் சட்டையில் குறித்தார். தாவணி வலது இடுப்பிலிருந்து ஏறி இடது தோளுக்குப் போகிறது. வலதுபக்கத்துக் கழுத்தெலும்புக்குக் கீழே ஓர் உள்ளங்கை அளவு இடத்தை அது தொடுவதே இல்லை. பை அங்கேதான் வந்தது. வியர்வை இறங்காமல் பின்பக்கம் ஃபிளானல் துணி. முன்பக்கம், ஒலி நுழையும் இடத்தில், துளைத்துளையாக ஒரு பூவேலை. பார்த்தால் பூ. அதன் வழியாகத்தான் கருவிக்குக் காது. தோள் தையலுக்குள் சிறு குழல்போல ஒரு பட்டி வைத்து, கம்பியை அதற்குள் விட்டுப் பின்கழுத்தில் சடைப் பின்னலுக்கு அடியில் காதுக்குக் கொண்டுபோனார்.

செல்வி, பக்கத்தில் இருக்கும் வ.புதுப்பட்டி என்ற ஊர்ப் பெண். விவசாயக் குடும்பம். அவள் தாவணி போட்டதும் அவள் அப்பா கருவியைக் கழற்றச் சொல்லிவிட்டார். எஸ்தர் புதுச் சட்டையைக் காட்ட அவரைப் பள்ளிக்கு வரவழைத்தார். அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெசினு இருக்கது தெரியாதுல்ல டீச்சர்? தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள்ளை வருவானா?"

"தெரியாது. ஆனா அதுக்காகத் தைக்கல."

"பொறவு எதுக்கு?"

எஸ்தர் செல்வியின் பக்கம் திரும்பி, "ஏட்டி, உள்ள வைக்கவா, வெளிய வைக்கவா? நீ சொல்லு" என்றார். செல்வி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு, எங்களுக்கு மட்டுமே புரியும் அந்தக் குரலில், "கேக்கணும்" என்றாள். அவள் அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காட்டணுமா மறைக்கணுமான்னு போடுறவ சொல்லட்டும்" என்று எஸ்தர் அடிக்கடி சொல்வார். அன்றைக்குத்தான் அதை நான் முதலில் கேட்டேன்.

அந்த வருடம் தாவணி போட்ட பெண்கள் எல்லாரும் கருவி அணிந்தார்கள். செல்வி என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொன்னாள். உதட்டைப் பார்க்காமல் சொன்னாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தச் சேவைச் சங்கம் புதிய கருவிகளை நன்கொடையாகத் தந்தது. நல்ல காரியம். யாரும் மறுக்கவில்லை. ஆனால் கருவிகளோடு மஞ்சள் ரெக்ஸின் உறைகளும் வந்தன. ஒவ்வோர் உறையிலும் சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில். மஞ்சள் நாடா போட்டு வயிற்றுக்கு மேல் தொங்கவிட வேண்டும். அன்று முதல் அதுதான் சீருடை என்றார் பள்ளித் தாளாளர். எஸ்தர் அவர் அறைக்குப் போய், ரெக்ஸின் உரசினால் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் கேட்காது என்று சொன்னார். நானும் உடன் போய்ச் சொன்னேன். "குடுக்கறவங்க பேர் தெரிய வேண்டாமாம்மா?" என்று கேட்டார் தாளாளர். பேச்சு அத்தோடு முடிந்தது.

கருவிகள் தந்ததற்கான விழா அன்று பிள்ளைகள் மஞ்சள் உறையோடு ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். செல்வி எஸ்தர் தைத்த சட்டையோடு ஏறினாள். புதிய கருவி உள்ளே இருந்தது. சங்கத் தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு மெஷின் குடுக்கலையா?"

கீழே நின்ற எஸ்தர், "குடுத்துருக்கீங்க. போட்டுருக்கா" என்றார்.

"தெரியலையே."

"ஒங்களுக்குத் தெரியவா குடுத்தீங்க? அவளுக்குக் கேக்கத்தான குடுத்தீங்க!"

புகைப்படக்காரர் காத்திருந்தார். தாளாளர் மேசையிலிருந்து ஒரு காலி உறையை எடுத்துச் செல்வியின் கழுத்தில் மாட்டி, அவள் முகவாயைத் தொட்டு நிமிர்த்திவிட்டார். படம் எடுத்தார்கள். மறுவாரம் அது பத்திரிகையில் வந்தது. உள்ளே எதுவும் இல்லாத உறையைத் தாங்கிக்கொண்டு அவள் நிற்கிற படம்.

மறுநாள் இடைவேளையில் செல்வி தையல் அறைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். எஸ்தரின் கையைத் தொட்டு, "ஊமை… பாவம்… யாரு?" என்று கேட்டாள். மேடையில் தலைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். படம் எடுக்கும்போது செல்வி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வாயைப் பார்த்திருக்க முடியாது. "எவளோ விவரங்கெட்டவ சொன்னது. நீ இல்ல" என்று எஸ்தர் அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டிருக்கா டீச்சர். அம்புட்டுத் தெளிவாக் கேட்டிருக்கா. என் சட்டை வேலை செய்யுது."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆண்டு முடிந்ததும் தையல் ஆசிரியை இனித் தேவையில்லை என்று தாளாளர் சொல்லிவிட்டார். மஞ்சள் உறைதான் விதியானது. தாவணிப் பெண்கள் பழையபடி கழற்றி வைக்க ஆரம்பித்தார்கள். பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் ஒத்துழைப்பதில்லை என்று மேடையிலிருந்து சொன்னார்கள். நான் எழுந்து மறுத்துப் பேசினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செல்வியின் படிப்பை நிறுத்தி அவள் அப்பா கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எஸ்தர் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஓர் இடத்தில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்தார். சில வருடம் கழித்துச் செல்விக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். அதற்குள் கருவி பழுதாகி, மாற்றுவாரில்லாமல், அவள் பேச்சும் பாதி தேய்ந்திருந்தது. ஒருமுறை நான் போனபோது இரண்டு பேரும் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். "இங்க எல்லாருமே செவிடுதான் டீச்சர். அவ மட்டும்தான் நிம்மதியா இருக்கா" என்றார் எஸ்தர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது மதுரை ஆஸ்பத்திரியில். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. உடம்பு ஊதியிருந்தது. முதுகுப் பக்கம் கயிறு கட்டும் பச்சை அங்கியைப் போட்டிருந்தார்கள். மல்லாந்தே கிடப்பவருக்கு அந்த முடிச்சு தண்டுவடத்தில் போய் அழுத்துகிறது. முதுகில் இரண்டு இடத்தில் புண்ணாகியிருந்தது. "இத வெட்டுனவன் நின்னுக்கிட்டே போட்டுப் பாத்திருக்கான். ஒரு நாளாச்சும் படுத்துப் பாத்திருந்தான்னா தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் அங்கியை முன்பக்கம் திருப்பிக் கட்டிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. சற்று நேரத்தில் நர்ஸ் வந்து, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இப்படி இருக்கக் கூடாது என்று மறுபடி பின்னால் கட்டிவிட்டுப் போனார். எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. எஸ்தர் ஒன்றும் சொல்லாமல் இருந்தபோதுதான், அவர் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

ராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தபோது செல்வி வந்திருந்தாள். பெட்டியை மூடுமுன் எஸ்தரின் தோளருகே சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, யாரிடமும் பேசாமல் தளவாய்புரம் பஸ்ஸுக்குப் போனாள். இரங்கல் கூட்டத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை.

சங்கம் எஸ்தர் பெயரில் ஒரு நினைவு மலர் போடுகிறது. அதற்குத்தான் இந்தக் கட்டுரையைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் செயலாளர் வீட்டுக்கே வந்து, விழாப் பகுதியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் மென்மையாக மாற்றித் தரச் சொன்னார். அவரோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, என்றோ ஒரு மத்தியானம் தையல் அறையில் எஸ்தர் சொன்னது ஞாபகம் வந்தது. சக ஆசிரியைகளோடு அவர் ஏன் இப்படி முரட்டுத்தனமாகப் பேசுகிறார் என்று நான் கேட்டதற்கு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்:

"துணிதான் டீச்சர் மெத்துன்னு இருக்கணும். தைக்கிறவ இருக்கக் கூடாது."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். செயலாளரிடம் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். மலரில் இது வராது. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சேர்த்து, அன்று கை தட்டிய உங்களுக்கு வேறு வழியாக அனுப்புகிறேன்.