பத்தாக்கா இருந்தும் ஓடினேன்

துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், வெள்ளிக்கிழமை மாலை நானும் ரூம்மேட்டும் மீன் மார்க்கெட்டுக்குப் போவோம். அவர் கீழக்கரைக்காரர், என்னைவிட மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். நான் குளச்சலில் கடற்கரையிலேயே வளர்ந்தவன். ஆனாலும் மீன் வாங்குவதில் அவர் என்னை நம்பியதே இல்லை.

அந்த வருடம் செக்கிங் அதிகம். விசா முடிந்தும் தங்கியிருப்பவர்களைப் பிடிக்க இமிக்ரேஷன்காரர்கள் வருவார்கள். கூடவே லோக்கல் போலீஸ் வந்து வழிகளை மறித்துக்கொள்ளும். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. என் பத்தாக்கா, அதாவது லேபர் கார்டு, சட்டைப் பையிலேயே இருந்தது.

அன்று காக்கா மத்திக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். யாரோ "ஷுர்த்தா, ஷுர்த்தா" என்று போலீஸ் வந்ததைச் சொன்னார்கள். மார்க்கெட்டில் பாதிப்பேர் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

ஐஸ் லாரிக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் என்னைப் பிடித்தார். பருத்த மனிதர். இருவரும் மூச்சிரைக்க நின்றோம். கார்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கும்போது ஏன் ஓடினாய் என்று இந்தியில் கேட்டார்.

"சப் பாகா, மே பி பாகா," என்றேன். எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன்.

சிரித்துவிட்டார். ஆனால் ஓடியவனை இமிக்ரேஷன்காரர்தான் விட வேண்டுமாம். வேனில் ஏற்றினார்.

பக்கத்தில் ஒரு தெலுங்குக் கொத்தனார். விசா முடிந்து பல காலம் ஆனவர். என் கதையைக் கேட்டு, வேன் குலுங்கச் சிரித்தார். பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார், "எப்படியும் ஊருக்கு அனுப்பிடுவாங்க பாய். மகளப் பாக்கலாம்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இமிக்ரேஷன் அதிகாரி போனில் என் கார்டு நம்பரைச் சொல்லி விசாரித்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சுது, போ," என்றார். இறங்கினால் காக்கா நிற்கிறார்.

"காக்கா, உங்ககிட்ட கார்டு கேக்கலியா?"

"கேக்கலப்பா. நான் வெல பேசிக்கிட்டே நின்னுட்டேன். கேட்டிருந்தா வம்புதான். கார்டு ரூம்ல அழுக்கு பேண்ட்டுல கெடக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. நான் சிரிப்பை அடக்கப் பாடுபட்டேன். அதற்குள் வேன் நகர்ந்தது. ஜன்னல் வழியே கொத்தனார் கையசைத்தார். யாரென்றே தெரியாமல் காக்காவும் கையை உயர்த்தி அசைத்தார்.