குழந்தைத் துணியில் ஒட்டிய முள்

பனியன் துணி காயப்போடுகிறவன் வெயிலுக்கும் மழைக்கும் பதில் சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். களைச்செடிக்கும் பதில் சொல்லவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாததற்குத் திட்டு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் முள்

வேலம்பாளையம் பக்கத்தில் ஒரு சின்ன வாஷிங் பட்டறை. சலவையான துணியை வெட்டவெளிக் களத்தில் கம்பி கட்டிக் காயப்போடுவது என் பொறுப்பு. ஒருநாள் செக்கிங்கில் இருக்கும் செல்வி, கைக்குழந்தைச் சட்டைக்கு வைத்திருந்த துணியிலிருந்து ஒரு முள்ளுருண்டையைப் பிய்த்து மேஜைமேல் வைத்தாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இவர் யாரென்றால், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஆபீசில் போட்டுக்கொண்டவர். அதை நான் மறக்கவில்லை. "களத்துல முள்ளு வருதுன்னா களமே வேண்டாமுங்க. டிரையர் மிஷின் போட்டறலாம்னு மொதலாளி சொல்றாரு" என்றார். மிஷின் வந்தால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நெருஞ்சியாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி, முதுகு ஒடியக் குனிந்து களம் முழுக்க வேரோடு பிடுங்கினேன். அதற்குப் பிறகும் துணியில் அதே முள். செல்வி தெற்கத்திச் சீமைக்காரி. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நெருஞ்சின்னா குத்தும்லா அண்ணாச்சி? இது ஒட்டல்லா செய்யுது!"

செல்போன் சொன்ன பேர்

மேனேஜர் முள்ளை உள்ளங்கையில் வைத்து செல்போனில் படம் எடுத்தார். படத்தைப் பார்த்துச் செடியின் பேரை அதுவே சொல்லிவிடுமாம். இங்கிலீஷில் ஒரு பேர் வந்தது. முள்ளைத் திருப்பி வைத்து எடுத்தார், வேறு பேர் வந்தது. வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவை எடுத்தார். இது செடியே இல்லை, ஏதோ கடல் பிராணி என்றது. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை என்று பார்த்தால், படித்த அவரும் போனையும் முள்ளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த முதலாளி கேட்டார்: "ஏனுங்க, கடல்ல இருந்து நம்ம வேலம்பாளையத்துக்கு இது எந்த பஸ்ஸுல வந்துதாமா?"

மருந்துக்கடை

முள்ளைக் காகிதத்தில் மடித்து நாட்டு மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, நாயுருவி என்றார். நாயுருவி எனக்குத் தெரியும். நீளக் கதிரில் அரிசி அரிசியாகத் தொங்கும். இது கொண்டைக்கடலை மாதிரி உருண்டை. பார்க்கப் பஞ்சுபோல இருந்தாலும் நுனியெல்லாம் கொக்கி. அதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. "உருண்டையோ நீட்டமோ இருந்துட்டுப் போகட்டுமுங்க. பல்வலிக்குங்களா, மூலத்துக்குங்களா?"

வேப்பமரத்து மூலை

அதன்பிறகு முள்ளை விட்டுவிட்டுச் செடியைத் தேடினேன். வெயில் விழும் இடத்தில் கொழுக்கட்டைப்புல்லைத் தவிர எதுவுமில்லை. காம்பவுண்டு சுவர் மூலையில், வேப்பமரத்து நிழலில்தான் இடுப்பு உயரத்துக்கு அது புதராக நின்றது. தண்டு நெடுக அதே உருண்டைகள். கண்டுபிடித்த சந்தோஷம் நிலைக்கவில்லை. அந்த மூலையில் கம்பியே கிடையாது. துணி போகாத இடத்திலிருந்து முள் மட்டும் எப்படித் துணிக்கு வந்தது? மண்டை குழம்பி நின்றேன்.

அப்போது மேனேஜர் காதில் போனோடு வந்தார். களத்தில் நிழல் இருப்பது அங்கே மட்டும்தான். பேச்சு சுவாரசியத்தில் புதருக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். பேசி முடித்ததும் நேராகக் கம்பிக்குப் போய், துணியை இழுத்துத் தொடைமேல் வைத்து அமுக்கி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். அது அவருக்குத் தினப்படி வழக்கம்.

"சார், பேண்ட்டைப் பாருங்க!" என்று கத்தினேன். தொடைவரைக்கும் முள். சத்தம் கேட்டு முதலாளியும் வந்துவிட்டார். இன்றைக்கு மாட்டினார் என்று இருந்தேன். மேனேஜர் நிதானமாகக் குனிந்து ஒரு முள்ளைப் பிய்த்து முதலாளியிடம் நீட்டினார்: "பாருங்க, எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிச்சுட்டனுங்க!"

முதலாளி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார், மிஷின் பேச்சு நின்றது, புதரைப் பிடுங்கும் வேலை என்னிடம் வந்தது. அந்தச் செடிக்குப் பேர் என்ன என்பதும், வேலை தப்பியதற்குச் சந்தோஷப்படுவதா வயிறெரிவதா என்பதும்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.